மாடியறைக் குறிப்புகள்

ஜூன் 9

பெரியம்மையின் தொண்டை அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். ஜூலை 8, திருவனந்தபுரம். அதற்குள் அவள் வில்லுப்பாட்டை இந்த மாடியறையில் பதிந்துவிட வேண்டும். திரும்பி வரும் வழியில் களியக்காவிளையில் இறங்கி, பெரியம்மை பழம்பொரி வாங்கித் தின்றாளாம்.

ஜூன் 10

குரலுக்கு ஒரு மைக். எதிரே இருந்து 'ஆமா' போடுகிறவருக்கு ஒன்று. வில்லுக்கு இரண்டு, ஏனென்றால் மணிகள் வில்லின் நீளத்துக்கும் தொங்குகின்றன. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் வில்லைத் தட்டும் வீசுகோல் விழுகிற இடமே தெரியாமல் போகும். குடத்துக்கு இரண்டு: வாயில் தட்டு விழும் சத்தம் வேறு, வயிற்றில் நாணயம் படும் சத்தம் வேறு. உடுக்கைக்கு ஒன்று. தாளத்துக்கும் கட்டைக்கும் சேர்த்து ஒன்று. அறைக்கு இரண்டு. ஆக பத்து. மைக்கைக் கணினியோடு சேர்க்க என்னிடம் இருப்பதோ நாலு சேனல் இன்டர்ஃபேஸ், நாலு மைக்தான் பிடிக்கும்.

ஆளாளாகப் பதிந்து பிறகு சேர்த்துக்கொள்ளேன் என்கிறான் பெங்களூரில் இருக்கும் நண்பன். அவன் சினிமாப் பாட்டு வேலை பார்க்கிறவன், அவனுக்கு அது சரி. இங்கே நடக்காது. பெரியம்மை ஒரு வரி சொன்னால் அண்ணாச்சி 'ஆமா' போட வேண்டும். அந்த 'ஆமா' எவ்வளவு சீக்கிரம் வருகிறது, எந்தத் தொனியில் வருகிறது என்று பார்த்துத்தான் அடுத்த வரியை இழுப்பதா, வெட்டுவதா என்று அவள் முடிவு செய்கிறாள். ஹெட்போனில் போன வாரத்து ஆமாவைக் கேட்டுக்கொண்டு யார் கதை சொல்வார்கள்? தவிர, வில்லும் குடமும் சேர்த்துக் கட்டியவை. வில்லைத் தட்டினால் குடமும் அதிர்கிறது. அதையெல்லாம் பிரித்துப் பதிகிறேன் என்பது வீம்பு.

பத்து பேருக்கும் ஒரே நேரத்தில் காது வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 12

இன்டர்ஃபேஸின் முதுகில் சின்ன மூடி போட்ட சதுரத் துளை ஒன்று உண்டு. வாங்கிய நாளிலிருந்து திறந்ததில்லை. ஏடாட் இன்புட். மைக் சத்தத்தைப் பெருக்கும் ப்ரீஆம்ப் எட்டு உள்ள ஒரு பெட்டியை வாங்கி, ஒரு ஒளி இழையை இதில் செருகினால் நாலு பன்னிரண்டாகும். புது இன்டர்ஃபேஸ் வாங்கத் தேவையில்லை.

1990களின் தொடக்கத்தில் அலெசிஸ் கம்பெனி எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் எட்டு டிராக் பதியும் ஏடாட் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அந்த இயந்திரம் காயலான் கடைக்குப் போயே எவ்வளவோ காலமாகிறது. எட்டு சேனலையும் ஒரே ஒளி இழையில் அனுப்ப அதற்கென்று செய்த ஏற்பாடு மட்டும் இன்னும் எத்தனையோ பெட்டிகளின் முதுகில் இருக்கிறது.

நொடிக்கு 48,000 தடவை சத்தத்தை அளக்கிற 48 கிலோஹெர்ட்ஸில்தான் எட்டு சேனல். 96 வேண்டுமென்றால் அதே இழையில் நாலுதான் போகும். நண்பன் 96 என்று அடம் பிடிக்கிறான். வில் மணிக்கு மேல்சத்தம் நிறைய என்பது வாஸ்தவம்தான். 48இல் 24 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள சத்தத்தைப் பிடிக்கலாம். அதற்கு மேல் இருப்பதை வௌவால் கேட்டுக்கொள்ளட்டும்.

ஜூன் 13

பெட்டி கேட்டு எழுதியிருந்த எர்ணாகுளத்துக்காரர் பதில் போடவில்லை.

ஜூன் 14

ராத்திரி இதையெல்லாம் படித்திருக்க வேண்டாம். அமெலிட்டா கல்லி-கர்ச்சி என்று ஒரு ஓபரா பாடகி. 1935இல் சிகாகோவில் தொண்டைக் கழலையை எடுத்தார்கள். உச்சஸ்தாயிக்கு உதவுகிற மெல்லிய நரம்பு ஒன்று அப்போது போய்விட்டது என்று கதை. மருத்துவர்கள் சிலர் அந்த நரம்பையே அவர் பெயரால் சொல்கிறார்கள். அறுவைக்கு முன்பே அவர் குரல் இறங்கத் தொடங்கியிருந்தது, நரம்பின்மேல் பழி போட ஆதாரம் போதாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்து எழுதியதையும் படித்தேன். இரண்டையும் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

பெரியம்மையிடம் டாக்டர் சொன்னது, "பேச்சுக்கு ஒண்ணும் ஆகாது." பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை போல.

ஜூன் 16

பதில் வந்தது. எட்டு ப்ரீஆம்ப் பெட்டி, பெரிங்கர் ஏடிஏ8200, 18,000 ரூபாய். ஸ்டுடியோவை மூடுகிறாராம். ஏன் என்று கேட்கவில்லை. பஸ் பார்சலில் போடுகிறேன் என்றார். வடசேரியில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒளி இழை இங்கே எந்தக் கடையிலும் இல்லை, எல்லாரும் எச்டிஎம்ஐயை எடுத்து நீட்டுகிறார்கள். கூரியரில் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவிடம் 8,000 என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 17

சாரல். மாடித் தகரத்தில் விடாமல் விழுகிறது. இந்த அறைக்கு மேலே காங்கிரீட்தான், ஆனால் பக்கத்துத் துணி காயப்போடுகிற இடத்துக்குத் தகரம். அதன் மேல் சாக்கு விரித்து, சாக்கின் மேல் பழைய கயிற்றுப்பாய் போட்டேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. தவளைக்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஜூன் 21

பெட்டி வந்தது, இழையும் வந்தது. செருகியதும் கணினியில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் எட்டு சேனல் கூடுதலாக முளைத்தன. ஐந்தாவதில் பேசினேன், குரல் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்துக்கொரு தடவை 'டிக்'. மழைத் துளியோ என்று ஜன்னலைப் பார்த்தேன். இல்லை, பதிவுக்குள்ளேயே இருக்கிறது.

கிளாக். இரண்டு பெட்டியும் நொடிக்கு 48,000 என்றுதான் எண்ணுகின்றன. ஆனால் உள்ளே இருக்கிற படிகங்கள் ஒன்றுபோல ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் போதும், நொடிக்கு ஏறக்குறைய ஒரு சாம்பிள், அதாவது ஒரு அளவெடுப்பு, பிசகிவிடும். அந்தப் பிசகுதான் டிக். ஒன்று எண்ண வேண்டும், மற்றது பின்னால் போக வேண்டும். என் இன்டர்ஃபேஸில் ஒளி உள்ளே வர வழி உண்டு, வெளியே போக வழி இல்லை. அதனால் புதிய பெட்டிதான் எண்ணியாக வேண்டும். அதன் சுவிட்சை உள் கிளாக் 48இல் வைத்து, கணினியில் கிளாக் சோர்ஸை ஏடாட் என்று மாற்றினேன். 'லாக்' விளக்கு எரிந்தது. நேற்று வந்த மருமகள் தாளம் போட, மாமியார் ஆடுகிறாள்.

அரை மணி நேரம் வெறும் அறையைப் பதிந்து உட்கார்ந்து கேட்டேன். டிக் இல்லை.

ஆனால் 'ம்ம்ம்' என்று ஒன்று இருக்கிறது.

ஜூன் 22

ம்ம்ம்.

ஒளி இழை வழியாக மின்சாரம் வராது. புதிய பெட்டிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே இரைச்சல் தரும் எர்த் சுற்று உண்டாக வழியே கிடையாது. அதுதான் ஒளியின் நல்ல குணம். அப்புறம் எங்கிருந்து?

லேப்டாப் அடாப்டரைப் பிடுங்கினேன், கொஞ்சம் குறைந்தது. மின்விசிறி ரெகுலேட்டர், எல்இடி விளக்கு, ஃபிரிட்ஜ், கீழே அப்பாவின் செட்டாப் பெட்டி, எல்லாவற்றையும் அணைத்தேன். அப்பா கீழிருந்து சத்தம் போட்டார். இன்னும் இருக்கிறது.

ஜூன் 23

ம்ம்ம். ஸ்பெக்ட்ரம் போட்டுப் பார்த்தால் சரியாக 100 ஹெர்ட்ஸ்.

ஜூன் 24

பெரியம்மை வந்தாள். படி ஏறியதில் மூச்சு வாங்கியது, கழுத்தில் முந்தானையைச் சுற்றியிருந்தாள். மைக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு எதுக்கு மக்ளே? கோயில்ல எனக்கு ஒண்ணு, அண்ணாச்சிக்கு ஒண்ணுதான். ரெண்டுலயும் குழாய் ரேடியோவுல ஊரு முழுக்கக் கேக்கும்."

"கேக்கும் பெரியம்மை. ஆனா உடுக்கு கேக்காதுல்லா."

"உடுக்கு கேக்காட்டி அவன் சரியா அடிக்கலேன்னு அர்த்தம்."

பிறகு அவளே ஜன்னல் பக்கம் போய் நின்று, "இது என்ன சத்தம்?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹெட்போன் இல்லாமல் அவளுக்குக் கேட்கிறது. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அதன் இரும்பு இரண்டு மடங்காக, 100இல், முனகும். வயரில் தேடிக்கொண்டிருந்தேன், அது காற்றில் இருந்தது.

"அதுக்க சுருதிக்கு நான் பாடணுமோ?" என்று சிரித்தாள். சிரிப்பு முடியவில்லை, இருமலாகிவிட்டது.

வீட்டில் வைத்துச் சுடலை கதை பாடுவதென்றால் விளக்கு, பழம், சூடம் எல்லாம் வேண்டுமாம். சாமியை அழைக்கும் வரவுப் பகுதியைப் பாடவே மாட்டாளாம். "யாருக்காவது சாமி வந்துட்டா உன் மைக்க யாரு புடிக்கது?" சரி, முத்துப்பட்டன் கதையே போதும். காப்பில் தொடங்கி வாழி வரை, நடுவில் நிறுத்தாமல்.

ஜூன் 25

ஜன்னலில் பலகை அடித்து இடையில் பஞ்சு அடைத்தேன். 100 ஹெர்ட்ஸுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? கொஞ்சம் குறைந்தது மாதிரி இருக்கிறது. குறைந்ததாகவே வைத்துக்கொள்கிறேன். முட்டை அட்டை ஒட்டு என்று யோசனை சொன்னவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

ஜூன் 26

கரண்ட் போச்சு. பழைய இன்வர்ட்டரில் ஓடினால் பெட்டி தேனீக்கூடு மாதிரி இரைகிறது. சதுர அலை. பதிவு அன்றைக்குக் கரண்ட் போனால் எல்லாரும் டீ குடிக்க வேண்டியதுதான்.

ஜூன் 28

கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்துக்குப் புதிய பெட்டியில் ஒரே சுவிட்ச். போட்டால் எட்டுக்கும் போகும். வில்லின் கண்டென்சர் மைக்குகளுக்கு அது வேண்டும், உடுக்கையின் எஸ்எம்58 மைக்குக்கு வேண்டாம். வேண்டாதது வந்தாலும் அது கண்டுகொள்ளாது, கேபிள் ஒழுங்காக இருந்தால். எல்லாக் கேபிளையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஒன்றில் வயர் விட்டிருந்தது, பற்ற வைத்தேன். நண்பன் தருவதாகச் சொன்ன ரிப்பன் மைக்கை மட்டும் அந்தப் பெட்டியில் போடுவதாக இல்லை. இதில் தைரியசாலியாக இருந்து என்ன ஆகப்போகிறது?

வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி அம்மாள் 2018இல் இறந்தபோது பத்திரிகையில் வந்த படத்தைப் பெரியம்மை வெட்டி வைத்திருக்கிறாள். இன்று எடுத்துக் காட்டினாள். எதற்கு என்று சொல்லவில்லை.

ஜூன் 30

ஜோடிகளைப் பிரிக்கக் கூடாது. இரண்டு பெட்டியும் சத்தத்தை எண்ணாக மாற்ற எடுக்கும் நேரம் ஒன்றல்ல. வித்தியாசம் சில சாம்பிள்தான். ஆனால் குடத்தின் வாய் மைக் இங்கேயும் வயிற்று மைக் அங்கேயும் போனால், இரண்டையும் சேர்க்கும்போது தட்டின் கூர்மை மங்கும். ஆகவே இரண்டு குரலும் அறை ஜோடியும் பழைய இன்டர்ஃபேஸில். வில், குடம், உடுக்கை, தாளம் புதியதில். ஆறு போக இரண்டு சேனல் மிச்சம்.

இடம்: மணிக்கு 5 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். வட்டு போதும்.

ஜூலை 1

பெரியம்மைக்குக் குரல் கட்டியிருக்கிறது. சாரல் காற்று என்கிறாள். சுக்கு, மிளகு. போனில் ஒரு வரி பாடிக் காட்டச் சொன்னேன், வைத்துவிட்டாள்.

ஜூலை 2

ஒன்றுமில்லை.

ஜூலை 4

எல்லாரும் வந்தார்கள். பாய் விரித்து, விளக்கேற்றி, வில்லையும் குடத்தையும் கட்டினார்கள். குடத்தின் வாய்க்கு நேரே வைத்த மைக்கில் ஒவ்வொரு தட்டுக்கும் காற்று மோதிப் பொத்துப்பொத்தென்றது. ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வைத்ததும் வயிறு நிறையக் கேட்டது. உடுக்கைத் தம்பியைப் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். முடியாது, பெரியம்மை தோள் தெரியணும் என்றான். அவன் சொன்னதுதான் சரி. மைக்கைத்தான் நகர்த்தினேன்.

காப்பு முடிந்தது, குருவடி முடிந்தது. கதைக்குள் நுழைந்த பிறகு பெரியம்மை மேலே ஏறவே இல்லை. ஏற வேண்டிய இடங்களை எல்லாம் வசனமாகச் சொல்லிப் போனாள். அண்ணாச்சி அதைக் கவனித்து, அங்கெல்லாம் 'ஆமா'வைத் தானே இரண்டு கட்டை மேலே தூக்கிப் போட்டார். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பத்து மீட்டரும் ஆடிக்கொண்டிருந்தன, நான் பார்த்தது இரண்டாவதை மட்டும்.

பாதியில் கரண்ட் போனது. டீ.

பிறகு தொடரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தைப் பார்ப்போம், எட்டாம் தேதிக்குள் முடித்துவிடலாம் என்றார் அண்ணாச்சி.

ஜூலை 5

கேட்டுப் பார்த்தேன். வில்லின் இடது மைக் ஸ்டாண்ட் மெல்ல இறங்கியிருக்கிறது, கடைசி இருபது நிமிடத்தில் மணி மங்கல். நட்டு மாற்ற வேண்டும். அண்ணாச்சி வேறு குடம் கொண்டு வருகிறேன் என்கிறார், இதற்குக் கீறல் விழுந்திருக்கிறதாம். எனக்குக் கேட்கவில்லை. இன்வர்ட்டர் வாடகைக்குக் கிடைக்குமா என்று கோட்டாற்றில் விசாரிக்க வேண்டும், சைன் அலையாக