ஆறாவது ஷரத்து

மார்ச் 3
நான் வரைந்த எழுத்துருவைக் கேட்காமல் தங்கள் செயலியில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு அனுப்பிய நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். 30 நாள் கெடு இன்றிலிருந்து.

மார்ச் 5
மறுபடியும் அந்தச் செயலியைப் பிரித்து, உள்ளே இருந்த எழுத்துருக் கோப்பைத் திறந்தேன். பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனால் ‘ழ’வின் வால் வளைகிற இடத்தில் வேண்டாத ஒரு புள்ளி. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி நான் அழிக்க மறந்த புள்ளி. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூட மனசு வரவில்லை.

மார்ச் 6
தூக்கமில்லை.

மார்ச் 9
வக்கீலோடு இரண்டு மணி நேரம். 5 கணினிகளுக்கு, அச்சு வேலைக்கு என்று காசு கட்டி லைசென்ஸ் வாங்கியவர்கள்தான் அவர்கள். அதனால் திருட்டு என்று நேராகச் சொல்லிவிட முடியாதாம். வரம்பு மீறியது பதிப்புரிமை மீறலா, வெறும் ஒப்பந்த மீறலா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. முதலாவது என்றால் தடையுத்தரவு கேட்க வழி உண்டு. எழுத்துருவையே எடுக்க வைக்கலாம். இரண்டாவது என்றால் பெரும்பாலும் நஷ்டக் கணக்குதான். முறையாகச் செயலி லைசென்ஸ் வாங்கியிருந்தால் என்ன கட்டியிருப்பார்களோ, அது. கேட்டு வாங்குகிறவருக்கும் கேட்காமல் எடுக்கிறவருக்கும் ஒரே விலையா?

என் லைசென்ஸ் ஒப்பந்தத்தின் ஆறாவது ஷரத்தில் “செயலிகளில் சேர்க்கமாட்டேன் என ஒப்புக்கொள்கிறார்” என்று எழுதி வைத்திருக்கிறேன். “சேர்க்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்” என்று எழுதியிருக்கலாம். அன்றைக்கு ஒரு வக்கீலிடம் காட்டியிருக்கலாம்.

மார்ச் 10
ஜேக்கப்சன் எதிர் காட்சர், அமெரிக்கா, 2008. பொம்மை ரயில்களை இயக்கும் மென்பொருள், இலவசமாகக் கொடுத்தது. எழுதியவர் விவரத்தை நீக்காமல் வைக்க வேண்டும் என்பதுபோல் சில விதிகள் மட்டும். அதை மீறியது ஒப்பந்த விவகாரம் என்று சொல்லிக் கீழ்க் கோர்ட் தடை மறுத்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. லைசென்ஸில் இருந்த ‘புரொவைடட் தட்’ (‘என்ற நிபந்தனையின் பேரில்’) என்ற சொற்களே அதை நிபந்தனையாக்குகின்றன என்றார்கள். இரண்டே சொல்.

என்னிடம் அந்த இரண்டு சொல் இல்லை.

மார்ச் 14
பதில் வந்தது. ‘கவனக்குறைவு’ என்கிறார்கள். பழைய பாக்கியை லைசென்ஸ் விலைக்கே தீர்த்துவிடலாமாம். அக்கா, “வாங்கிக்கிட்டு நிம்மதியா இரு” என்றாள். அவளோடு சரியாகப் பேசவில்லை.

மார்ச் 15
புள்ளி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 20
எம்டிஒய் எதிர் பிளிஸ்ஸார்ட், இதுவும் அமெரிக்கா, 2010. விளையாட்டைத் தானாக ஆடும் நிரலி பற்றியது. மீறினால் மட்டும் போதாது, அந்த மீறல் பதிப்புரிமை தருகிற உரிமையையே தொட வேண்டும் என்று தீர்ப்பு. நிரலி வைத்து ஆடுவது நகலெடுப்பது ஆகாது. என் விஷயம் அப்படியில்லையே! செயலியை ஒருவர் இறக்கும்போதெல்லாம் என் எழுத்துருவின் ஒரு நகல் போகிறது. ராத்திரி பத்து மணிக்கு வக்கீலைக் கூப்பிட்டேன். கோபப்படவில்லை. “நல்ல வாதம்தான். ஆனா அந்தத் தீர்ப்புகள் நம்ம கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆறை விடுங்க, இரண்டாவது ஷரத்தைப் படிங்க” என்றார்.

“5 கணினிகளில், அச்சுப் பயன்பாட்டுக்கு மட்டும், உரிமம் வழங்கப்படுகிறது.”

மட்டும்! கொடுத்ததே அவ்வளவுதான் என்றால், செயலிக்கு நான் உரிமமே கொடுக்கவில்லை. அப்புறம் ஆறாவது ஷரத்து எப்படி இருந்தால் என்ன?

மார்ச் 21
நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 27
‘அச்சுப் பயன்பாடு’ என்பதற்கு விளக்கம் எங்கேயும் எழுதவில்லை. ஒப்பந்தத்தை நான்கு முறை தேடிவிட்டேன்.

ஏப்ரல் 1
செயலிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. இறங்கிக்கொண்டிருக்கிறது.