மரத்தில் தொங்கும் பழைய ஆப்பிள்

நேற்று கிறிஸ்துமஸ் மரத்தை அலங்கரிக்கும்போது ஒரு கண்ணாடி உருண்டை கை நழுவி உடைந்துவிட்டது. முட்டை ஓட்டைவிட மெல்லிய சில்லுகள். வெளியே சிவப்பு, உள்ளே பளபளக்கும் வெள்ளி. பெருக்கித் தள்ள மனசே வரவில்லை.

அந்த உருண்டை உண்மையில் ஓர் ஆப்பிள்! இடைக்கால ஜெர்மனியில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாள். அன்று ஏதேன் தோட்டக் கதையை நாடகமாக நடிப்பார்கள். குளிர்காலத்தில் பச்சை மரத்துக்கு எங்கே போவது? ஊசியிலை மரம் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் ஆப்பிள்களைக் கட்டிவிட்டார்கள். பாவத்தின் கனி தொங்கிய மரம்தான் மீட்பர் பிறந்த நாளின் மரமாகியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

அப்புறம் 19ஆம் நூற்றாண்டில், அதே ஜெர்மனியின் லௌஷா என்ற மலையூரில், கண்ணாடிக் கைவினைஞர்கள் அந்தக் கனியைக் கண்ணாடியில் ஊதத் தொடங்கினார்கள். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, வாயால் ஊதி உருண்டையாக்கி, உள்ளே வெள்ளி நைட்ரேட் கரைசலை ஊற்றிக் குலுக்குவார்கள். குடும்பமே வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை. என் கையிலிருந்து விழுந்த உருண்டைக்குள் மின்னிய வெள்ளி அந்த வழியில் வந்ததுதான்.

மின்விளக்குச் சரம் மட்டும் வேறு கதை. 1882இல், எடிசனோடு வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 பல்புகளை எரியவிட்டார். அதுவரை நிஜ மெழுகுவர்த்திகள்தான், காய்ந்த கிளைகளுக்கு நடுவே!

உடைந்த உருண்டையின் மூடியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.