நாற்பத்தொன்றுக்குப் பத்து

அக்டோபர் 9

இன்றும் அதே பாடு. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திரும்பி மிதித்தால் வண்டி கேட்பதே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா முனகிவிட்டு, டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிப்பது) எழுந்ததும் ஒரே தள்ளு. அம்மாவின் தலை சீட்டில் போய் இடிக்கிறது. முதல் கியருக்கு இறக்கினால் அந்தக் குலுக்கல் வேறு. குஞ்சப்பனை தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டார். கோத்தகிரி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பின் அச்சில் டிஃபரென்ஷியல் ரேஷியோவை, அதாவது சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை, மாற்றியே ஆக வேண்டும்.

அக்டோபர் 10

ஜாக்கி போட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு பின்சக்கரம் தரையில் இருக்க, தூக்கிய சக்கரத்தை முழுசாக இரண்டு சுற்று சுற்றினால்தான் உள்ளே கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம் ஒரு சுற்று வரும். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தேன். மூன்றே முக்கால் சுற்றுக்கு ஒரு நூல் முன்னால் நின்றது. 3.73. அதாவது கிரவுனில் 41 பல், அதைச் சுழற்றும் சின்னப் பினியனில் 11.

அக்டோபர் 12

தூக்கம் இல்லை. கணக்குதான்.

டயர் 185/70, 14 அங்குலம். ஒரு சுற்றுக்கு 1.93 மீட்டர் ஓடும். இரண்டாவது கியரின் ரேஷியோ 2.1. வளைவை விட்டு வெளியே வரும்போது வேகம் 22 கிலோமீட்டர் என்று வைத்தால், இப்போதுள்ள 3.73க்கு இன்ஜின் நிமிடத்துக்கு 1,486 சுற்று. மேட்டுப்பாளையத்தில் 1,500க்கே பூஸ்ட் முள் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) அசைகிறது. இங்கே மேலே 1,600 தாண்டினால்தான். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் உறிஞ்சும் காற்று குறைந்தால் புகையும் குறையும், புகை குறைந்தால் டர்போவைச் சுழற்ற ஆள் இல்லை. நான் எந்த வளைவில் மிதித்தாலும் அந்த நூறு சுற்றுக்குக் கீழேதான் மாட்டிக்கொள்கிறேன்.

இதே 22க்கு 4.1 போட்டால் 1,635. 4.56 போட்டால் 1,816.

அக்டோபர் 13

மழை. வண்டி எடுக்கவில்லை.

அக்டோபர் 15

ஒர்க் ஷாப் அண்ணன் 4.56தான் போடணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். “மலை வண்டிக்கு இழுவைதான் தம்பி முக்கியம். அந்தக் காலத்து வில்லிஸ் ஜீப்புக்கு எவ்வளவு தெரியுமா, 5.38. எட்டுப் பல் பினியன். எஸ்டேட் முழுக்க அதுதானே ஏறுச்சு?”

சரிதான். ஆனால் அந்த ஜீப்பில் டர்போ இல்லையே அண்ணா. டர்போவுக்குச் சுமை வேண்டும். ரேஷியோ எண் கூடி கியர் ரொம்பக் குட்டையாகிவிட்டால் இன்ஜின் சுமையே தெரியாமல் விர்ரென்று ஏறிவிடும், பூஸ்ட் கட்டுவதற்குள் அடுத்த கியருக்கு நேரம் வந்துவிடும். அதனால்தான் சமவெளியில் ஓட்டுகிறவர்கள் டர்போ வண்டிக்கு எண் குறைந்த உயர் கியராகத் தேடுகிறார்கள். அவர்கள் சொல்வது நெடுஞ்சாலைக்கு முழுக்கச் சரி. எனக்கு வேண்டியது கொண்டை ஊசி முடிகிற இடத்தில் என்ன நடக்கிறது என்பது மட்டும்.

டீ ஆறிப்போகும்வரை பேசினோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 17

அம்மாவுக்கு அளவு ஏறியிருக்கிறது. இனி ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வரச் சொல்கிறார்கள்.

அக்டோபர் 18

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் மலை ரயிலைப் பார்த்தோம். கல்லாறு முதல் குன்னூர் வரை 12க்கு 1 வரைக்கும் ஏற்றம், நடுத் தண்டவாளத்துப் பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். அம்மா, “அதுல ஆட்டமே இருக்காது, இல்ல?” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

இறங்கும்போது இன்னொன்று கவனித்தேன். இரண்டாவது கியரில் 30ல் இறங்கினால் இப்போது 2,030 சுற்றுதான், இன்ஜின் பிடிப்பு போதாமல் அடிக்கடி பிரேக்கைத் தொட வேண்டியிருக்கிறது. அரவேணு தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பிரேக் வாடை. ஒவ்வொரு தொடலுக்கும் அம்மா முன்னால் சாய்கிறார். 4.1 என்றால் அதே வேகத்துக்கு 2,230. ஏற்றத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் படுத்துவதில் பாதி இந்த இறக்கம்.

அக்டோபர் 19

முடிவு. இரண்டு வளைவுக்கு நடுவே நான் தொடுகிற அதிக வேகம் 45. இன்ஜினை 3,500க்கு மேல் விட எனக்கு மனமில்லை. 4.56 என்றால் இரண்டாவது கியர் 42லேயே முடிந்துவிடும். மூன்றாவதுக்கு மாற்றி, உடனே மறுபடி இறக்க வேண்டும். 4.1 என்றால் 47 வரை போகும். வளைவிலிருந்து வளைவு வரை ஒரே கியர். கிளட்ச்சைத் தொட வேண்டாம், அம்மாவின் தலையும் ஆடாது. கோவை ரோட்டில் ஐந்தாவதில் நூறு போனால் 2,730க்குப் பதில் 3,000 சுற்று, கொஞ்சம் இரைச்சல் கூடும். கூடட்டும்.

41க்கு 10. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். “உங்க இஷ்டம்” என்றார்.

அக்டோபர் 23

கோவையிலிருந்து பெட்டி வந்தது. அண்ணன் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பேசாமல் என்னிடம் நீட்டினார். கிரவுனில் வெட்டியிருந்த எண் ஒன்று, பினியன் தலையில் இருந்தது வேறு. இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கித்தான் ஜோடியாக விற்பார்கள். ஜோடி பிரிந்தது மாட்டினால் ஊளையிட்டுச் சாகும். கடைக்காரர் போனில், “எல்லாம் ஒண்ணுதான் சார், மாட்டுங்க” என்கிறார். எப்படி வாய் வருகிறது? இதை நம்பித்தானே ஒருவர் பின் சீட்டில் உட்காருகிறார்.

திருப்பி அனுப்பியாயிற்று.

அக்டோபர் 24

இன்று போய் வந்தது வாடகைக் காரில்.

அக்டோபர் 26

மழை விடவில்லை. பார்சல் மேட்டுப்பாளையத்தில் கிடக்கிறது. அம்மா சாப்பிடவில்லை.

அக்டோபர் 29

ஜோடி சரியாக வந்தது. எண் ஒத்துப்போகிறது.

மதியம் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தேன். அண்ணன் நீல மையை நான்கைந்து பல்லில் மெல்லிசாகத் தடவி, கையாலேயே சுற்றினார். தடம் பல்லின் வெளி ஓரத்தில் விழுந்தது. கழற்றினார், ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றினார், மறுபடி மை. இப்போது தடம் உள்ளே ஓடிவிட்டது. மறுபடியும் கழற்றல். அவர் அலுத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் பல்லின் நடுவில், ஓரம் எதையும் தொடாமல், ஒரு நீள்வட்டம். டயல் கேஜில் பற்களுக்கு நடுவே உள்ள பிளே 0.15 மில்லிமீட்டர். “இதுதான் தம்பி” என்றார், அவருடைய 4.56 தோற்றதை மறந்து.

41க்கும் 10க்கும் ஒன்றைத் தவிர பொது வகுத்தி கிடையாது. அதனால் ஒவ்வொரு பல்லும் எதிர்ப் பல் ஒவ்வொன்றையும் சந்தித்துத்தான் தேயும், ஒரே ஜோடி மட்டும் திரும்பத் திரும்ப மோதாது. இதை அம்மாவிடம் சொன்னேன். “நல்லது” என்றார்.

அக்டோபர் 30

டிஃபரென்ஷியலுக்கு 90 கியர் ஆயில், ஜி.எல்.5 தரம். முதல் ஓட்டம் கட்டபெட்டு வரை, மெதுவாக. ஊளை இல்லை. ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து எடுப்பதால் இனி பத்து சதவீதம் கூட்டிக் காட்டும். 44 என்றால் நிஜம் 40. திரும்பி வந்து ஒரு மணி நேரம் ஆறவிட்டேன்.

ஏற்றத்தில் ஒரு வளைவு. இரண்டாவது கியர். மிதித்தவுடன் முள் எழுந்தது.

அக்டோபர் 31

நாளைக்கு அம்மாவோடு. ஐந்தரைக்குக் கிளம்பணும். புதுப் பல், சூடேறக் கூடாது. குஞ்சப்பனையில் நிறுத்தி ஹவுசிங்கைத் தொட்டுப் பார்க்கணும். ரிப்போர்ட் கவர் டேஷ்போர்டில் இருக்கிறது. தலையணை எடுத்து வைக்கணும்.