தங்கூசி நரம்பும் க்யூப்சாட்டும் – டீம்ல சேரப்போற ஜூனியர்ஸ்க்கு

நமக்கு ஊரு பாம்பன், அப்பாவுக்கு கடல் தொழில். காலேஜ்ல க்யூப்சாட், அதாவது டப்பா சைஸ் குட்டி சாட்டிலைட் செய்ற டீம்ல மூணு வருஷம் இருந்தேன், நாங்க செஞ்சது இன்னும் மேல போகல, டெஸ்ட் மாடலோட நிக்குது, அத முதல்லயே சொல்லிடுறேன்.

அண்ணா யுனிவர்சிட்டி செஞ்ச அனுசாட் சாட்டிலைட் 2009ல பிஎஸ்எல்வி ராக்கெட்டுல போச்சு, 40 கிலோ. அதெல்லாம் படிச்சிட்டு வர்றவங்க எல்லாருமே கேமரா பண்றேன் கோடிங் பண்றேன்னுதான் வர்றாங்க, பவர் பக்கமும் ஆன்டெனா பக்கமும் ஆளே இருக்காது. நீங்க அங்குட்டு போங்க. க்யூப்சாட் சைஸ யூ கணக்குல சொல்வாங்க, 1யூன்னா எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டர் இருக்குற டப்பா, சோலார்ல சராசரியா 2 வாட் கிடைச்சாலே பெருசு, ஒன்றரை மணி நேர சுத்துல அரை மணி நேரத்துக்கு மேல இருட்டு வேற. இந்தக் கணக்கு தெரிஞ்சவன கேட்டுத்தான் மத்தவன் எல்லாம் டிசைனே பண்ணணும்.

ஆன்டெனா வேற ஒண்ணுமில்ல, ஆசாரி இஞ்ச் டேப் மாதிரி ஒரு ஸ்டீல் பட்டை. மடக்கி நைலான் நரம்பால (எங்க ஊர்ல மீன் பிடிக்கிற தங்கூசி) கட்டிடுவோம், ராக்கெட்ட விட்டு பிரிஞ்சு அரை மணி நேரம் கழிச்சு நிக்ரோம் கம்பி சூடாகி நரம்ப உருக்கும், பட்டை தானா நிமிந்துக்கும். லேப்ல மூணு செகண்ட்ல அறுந்துச்சு. லீவுல வீட்டு மொட்டைமாடில வச்சு பாத்தா ஒரு நிமிஷம் ஆகியும் அறுகல, பேட்டரிய மாத்தி வயர மாத்தி ஒரு சாயங்காலமே போச்சு, கடைசில பாத்தா கச்சான் காத்து கம்பி சூட்ட அள்ளிட்டு போயிருக்கு. மேல காத்தே இல்ல, நரம்பு சீக்கிரம் உருகிடும், ஆனா அதே காரணத்துக்கு சிப்போட சூடும் எறங்காது, இத எந்த புக்க படிச்சும் எனக்கு இப்படி ஒறைக்கல.

அடுத்து வைப்ரேஷன் டெஸ்ட்ல முடிச்சு நழுவி பட்டை பட்டுனு தெறிச்சிருச்சு. அப்பாகிட்ட காட்டுனேன். "தங்கூசிக்கு இந்த முடிச்சு நிக்குமாடா, வழுக்கிரும், அஞ்சு சுத்து சுத்தி எச்சி தொட்டு இழு"ன்னாரு. அதுக்கப்புறம் நழுவவே இல்ல.

படிப்ப விட்றாதீங்க, ரிவ்யூவும் இன்டர்னலும் ஒரே வாரத்துல வரும், ஆன்டெனா செஞ்ச நான் இஎம்எஃப்ல (மின்காந்தப் புலம் பேப்பர்) அரியர் வச்சேன் (கிளியர் பண்ணிட்டேன்). செய்ற ஒவ்வொண்ணையும் எழுதி வைங்க. எங்க டெஸ்ட் டாக்குமென்ட்ல "முடிச்சை ஈரமாக்கி இறுக்கவும்"னு ஒரு ஸ்டெப் இருக்கு, எத வச்சு ஈரமாக்குனீங்கன்னு ரிவ்யூக்கு வந்த சார் கேட்டாரு, தண்ணின்னு சொல்லிட்டேன்.