ஈர்க்கு ராகு, குண்டூசிச் சூரியன்: கிரகணச் சில்லு செய்து பார்த்தேன்

வருசத்துக்கு எத்தனை கிரகணம் வரும் என்பதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். சூரிய கிரகணம் குறைந்தது இரண்டு, கூடினால் ஐந்து. புறநிழல் கிரகணங்களையும் (பூமியின் மங்கிய வெளிநிழல் மட்டும் படுபவை) சேர்த்தால் சந்திர கிரகணமும் அப்படியே. இரண்டும் சேர்ந்து நாலுக்குக் குறையாது, ஏழுக்கு மேல் போகாது. எனக்கு அது போதவில்லை, ஏன் இரண்டுக்குக் குறையாது என்று கையால் சுற்றிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும் போலிருந்தது. அதனால் ஒரு சில்லு செய்தேன்.

செலவு ஒன்றும் இல்லை. பழைய காட்போட் மட்டையில் சோற்றுப்பானை மூடியை வைத்து வட்டம் கீறி, பாகைமானியால் 360 பாகையும் குறித்து, மேடம் தொடங்கி மீனம் வரை பன்னிரண்டு இராசிகளையும் எழுதினேன். நடுவில் ஒரு ஈர்க்கு. அதன் ஒரு முனை ராகு, மற்ற முனை கேது, எப்போதும் நேர் எதிரே. சந்திரனின் பாதை சூரியன் போகும் பாதைக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்வாக இருக்கிறது, இரண்டும் வெட்டும் இடங்கள்தான் அந்த இரண்டு முனைகளும். பாம்பு விழுங்குகிற கதை தனி, ஆனால் பஞ்சாங்கக்காரர் ராகுவையும் கேதுவையும் கிரகங்களோடு சேர்த்து எழுதி வைத்திருப்பது இந்த வேலைக்குப் பெரிய வசதி. திருக்கணித பஞ்சாங்கத்தைப் பார்த்து ஈர்க்கைப் பொருத்திவிடலாம். சூரியனுக்கு ஒரு குண்டூசி. ஊசி நாளுக்கு ஒரு பாகை முன்னால் போகும், ஈர்க்கு மாதத்துக்கு ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாகப் பின்னால் வரும், அவ்வளவுதான் இயந்திரம்.

அமாவாசையன்று ஊசி ஈர்க்கின் ஏதாவது ஒரு முனைக்கு 15 பாகைக்குள் நின்றால் உலகத்தில் எங்காவது சூரிய கிரகணம் உறுதி. 18க்கு மேலே போனால் அநேகமாக இல்லை, இடையில் என்றால் சொல்ல முடியாது. இப்போது ஊசியை மெதுவாக நகர்த்துங்கள். முனைக்கு இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கம் 15, கடக்க 30 நாள் போல ஆகும். அமாவாசையோ 29½ நாளுக்கு ஒருமுறை வந்துவிடுகிறது, ஆகவே அந்த இடைவெளியில் ஒன்றாவது மாட்டாமல் தப்பவே முடியாது! இரண்டு முனை, வருசத்தில் இரண்டு தடவை, குறைந்தது இரண்டு சூரிய கிரகணம். சந்திரன் பூமியின் கருநிழலில் படுவதற்கு எல்லை இன்னும் ஒடுக்கம், பௌர்ணமியன்று 12 பாகைக்குள் வேண்டும். அந்த ஒடுக்கமான இடைவெளியைப் பௌர்ணமி இல்லாமலே சூரியன் தாண்டிவிடலாம். அதனால் கண்ணுக்குத் தெரியும்படியான சந்திர கிரகணம் ஒன்றுகூட இல்லாத வருசமும் வரும். இதைத்தான் நான் படித்தபோது பிடிக்க முடியாமல் இருந்தேன், ஊசி பிடித்ததும் ஒரே நிமிசத்தில் விளங்கிவிட்டது.

ஈர்க்கு பின்னோக்கி வருவதால் சூரியன் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு 173 நாளில் போய்விடுகிறது, அதாவது கிரகணக் காலம் ஒவ்வொரு வருசமும் 19 நாள் போல முந்தும். ஜனவரியில் ஒரு காலம் விழுந்தால் டிசம்பரில் மூன்றாவதும் எட்டிப் பார்க்கும், ஐந்து சூரிய கிரகணம் வருவது அப்படித்தான். கடைசியாக வந்தது 1935, அடுத்தது 2206.

பிறகு பழைய நாட்களில் வைத்துச் சோதித்தேன். 2019 டிசம்பர் 26, மார்கழி அமாவாசை: ஊசி தனுசில், கேதுவும் தனுசில், 5 பாகைக்குள். அன்று வளைய கிரகணப் பாதை யாழ்ப்பாணத்தையும் எங்கள் திருகோணமலையையும் தொட்டுக்கொண்டு போனது. முகில் விலகிய நேரத்தில் முற்றத்து வேப்பமர நிழலெல்லாம் மணலில் சின்னச் சின்ன மோதிரமாக விழுந்திருந்தது, கண்ணாடி போட்டு மேலே பார்த்ததைவிட எனக்கு அதுதான் பிடித்தது. 2025 செப்டெம்பர் 7 பௌர்ணமிக்குச் சூரியன் சிம்மத்தில் கேதுவிலிருந்து 3 பாகையில், முழுச் சந்திர கிரகணம். இரண்டு கிழமை கழித்து அமாவாசைக்குள் அது 11 பாகை விலகிவிட்டது, ஆனாலும் எல்லைக்குள்தானே, நியூசிலாந்துப் பக்கம் பகுதிக் கிரகணம். சில்லு சரி.

2026 மார்ச் 3, மாசிப் பௌர்ணமிக்கும் ஊசி ராகுவிலிருந்து 4 பாகையில் நின்றது. முழு மறைப்பு எங்கள் நேரத்துக்கு 5.33க்கே முடிந்துவிடும், சந்திரன் கடலிலிருந்து எழும்புவதோ ஆறே காலுக்குப் பிறகு. தம்பியையும் இழுத்துக்கொண்டு டச்சு பே கரைக்குப் போனேன். அடிவானப் புகைக்குள் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒரு பக்கம் கடித்த மாதிரி மங்கிய மஞ்சளாக மேலே வந்தது, 6.47 வரை நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. "இதுக்கா இவ்வளவு கணக்கு?" என்றான் தம்பி.

அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் சில்லு நாளைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. சந்திர கிரகணம் என்றால் அந்த நேரம் சந்திரன் தெரியும் பாதி உலகமும் பார்க்கும். முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் ஒரு ஒடுங்கிய பட்டையாகத்தான் ஓடும், ஒரே இடத்துக்கு மறுபடி வரச் சராசரியாக 375 வருசம் போல ஆகும். 1955 ஜூன் 20 காலையில் இலங்கைக்கு மேலால் போனது 20ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம், உச்சத்தில் 7 நிமிசத்துக்கு மேல். அதே கிரகணத்தின் குடும்பம் 18 வருசம் 11 நாள் 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். அந்த 8 மணித்தியாலத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடுவதால் ஒவ்வொரு முறையும் வேறு தேசத்துக்குப் போய்விடுகிறது. 1973, 1991, 2009 முடிந்து, 2027 ஆகஸ்ட் 2 எகிப்துக்கு.

அடுத்து, சந்திரன் பூமிக்குக் கிட்ட நிற்கிறதா தூர நிற்கிறதா என்று காட்ட உள்ளே இன்னொரு சின்ன வட்டம் வெட்டப் போகிறேன், முழுக் கிரகணமா வளையமா என்பது அதில்தான் இருக்கிறது. சில்லில் முன்னால் சுற்றிப் பார்த்ததில் எங்களுக்கு வசதியானது 2028 டிசம்பர் 31 முழுச் சந்திர கிரகணம், இரவு பத்து மணிக்கு முன்னமே முழுசாக மறைந்துவிடும், பதினொரு மணி வரை இருக்கும். டிசம்பரில் எங்கள் பக்கம் மாரி மழை, அதுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.