மருத்துவமனை வினைல் தரைக்கு மறுபூச்சு: சதுர அடி விலையைக் கணக்கிட்ட அனுபவம்

கோயம்புத்தூரில் கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் எடுத்து நடத்தும் எனக்கு, வினைல் எனப்படும் பிளாஸ்டிக் விரிப்புத் தரையின் பழைய பூச்சை உரித்துவிட்டுப் புதுப்பூச்சு இடும் வேலைக்கு விலை சொல்வதே எல்லாவற்றிலும் கடினமாக இருந்துவந்தது. மொசைக், கிரானைட் தரைகளின் பாலிஷ் வேலைக்கு ஊருக்குள் ஏறக்குறைய நிலைபெற்ற ஒரு ரேட் உண்டு. கேட்பவருக்கும் அது தெரிந்திருக்கும். வினைலுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஒரே தரைக்கு ஒருவர் சதுர அடிக்கு 9 ரூபாயும் இன்னொருவர் 20 ரூபாயும் கேட்பார்கள், இருவரும் வெவ்வேறு வேலையை மனத்தில் வைத்திருப்பார்கள். எனவே, ஒரு தனியார் மருத்துவமனை தன் வெளிநோயாளர் பிரிவின் தரைக்கு விலைப்புள்ளி கேட்டபோது, சதுர அடி விலையில் தொடங்காமல், ஆள், நேரம், மருந்து (உரிக்கவும் பூசவும் பயன்படும் திரவங்கள்) ஆகியவற்றிலிருந்து தொடங்கிக் கடைசியில் அந்த விலைக்கு வந்து சேரும்படி கணக்கை அமைத்தேன்.

முதல் வேலை, எந்தத் தரையைத் தொடக்கூடாது என்று பிரித்துக்கொள்வது. அறுவை அரங்குகளில் நிலைமின்சாரத்தைக் கடத்துவதற்கென்றே போடப்படும் வினைல் மீது சாதாரணப் பூச்சை இட்டால் அந்தத் தன்மையே கெட்டுவிடும். தொழிற்சாலையிலேயே பாலியூரித்தேன் மேற்பூச்சுடன் வரும் ரகங்களுக்கு, அந்த மேற்பூச்சு தேயாதவரை நம்முடைய பூச்சே தேவையில்லை. லினோலியம் என்றால், வினைலுக்குப் பயன்படுத்தும் கடுமையான கார ஸ்ட்ரிப்பரை, அதாவது பழைய பூச்சைக் கரைத்தெடுக்கும் திரவத்தை, ஊற்றியதும் நிறம் மாறி எரிந்ததுபோல் ஆகிவிடும். இவற்றைக் கழித்த பிறகு, வரைபடத்தில் இருந்த அளவை நம்பாமல் நாடாவைப் பிடித்து அளந்ததில், நடைபாதைகளும் காத்திருப்புக் கூடமும் சேர்ந்து 4,800 சதுர அடி வந்தன. மருத்துவர்களின் அறைகளைத் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

அறைகளைத் தனியே பிரித்ததற்குக் காரணம் ஓரங்கள். 40 அடிக்கு 25 அடி உள்ள ஒரு கூடமும், பத்துக்குப் பத்து அளவில் பத்து அறைகளும் ஒரே 1,000 சதுர அடிதான். ஆனால் கூடத்தின் சுவரோரம் 130 அடி, அறைகளின் சுவரோரம் 400 அடி. நடுவில் இருக்கும் தரையை 17 அங்குல மெஷின் கறுப்புப் பேடை (தேய்க்கும் முரட்டு வட்டை) கொண்டு விரைவாக உரித்துவிடும். சுவரோரத்திலும் மூலையிலும் கதவு நிலையடியிலும் ஆண்டுக்கணக்கில் படிந்து மஞ்சளான பூச்சை ஒருவர் குந்தி உட்கார்ந்து சுரண்டியாக வேண்டும். பர்ச்சேஸ் பிரிவினர் பார்ப்பது பரப்பளவை மட்டுமே. நமக்குச் சம்பளம் போவதோ பெரும்பாலும் ஓரங்களுக்கு.

அடுத்து, கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத ஓரிடத்தில் இரண்டடிச் சதுரத்தில் சோதனை உரிப்பு செய்துகாட்ட அனுமதி கேட்டேன். ஸ்ட்ரிப்பரை ஒன்றுக்கு ஐந்து பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி, காயவிடாமல் பத்து நிமிடம் ஊறவைத்து, மெஷினை ஓட்டிப் பார்த்தால், பழைய பூச்சு ஒரே தடவையில் குழம்பாகி வருகிறதா, இரண்டாம் தடவை ஊற்ற வேண்டுமா என்பது தெரிந்துவிடும். இரண்டு தடவை என்றால் மருந்தும் நேரமும் இரட்டிப்பாகும். இந்தச் சோதனையைச் செய்யாமல் தொலைபேசியிலேயே விலை சொல்பவர்களின் துணிச்சலைக் கண்டு எனக்கு வியப்புதான். இங்கே ஒரே தடவையில் வந்தது.

பிறகு நேரம். இரவு 10 மணிக்குமேல்தான் தரை கிடைக்கும். காலை 5 மணிக்குள் திருப்பித் தர வேண்டும். நாற்காலிகளை நகர்த்தித் தடுப்பு வைப்பதற்கும், கடைசியில் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைப்பதற்கும் இரண்டு மணி நேரம் போய்விடும். உரித்த குழம்பை வெட் வேக்யூமால் உறிஞ்சி, இரண்டு முறை சுத்த நீரால் அலசி, காரம் மிச்சமில்லை என்பதைப் பி.எச். தாளால் உறுதி செய்துகொண்ட பிறகே பூச்சுக்குப் போக முடியும். நான்கு கோட்டிங், ஒவ்வொன்றும் காய 30 முதல் 40 நிமிடம். ஸ்ட்ரெச்சர் போய்வர வழி விட வேண்டும் என்பதால் நடைபாதையின் பாதி அகலத்தில்தான் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியும். ஸ்ட்ரிப்பர் ஊற்றிய தரை மிகவும் வழுக்கும். நான்கு பேரில் ஒருவர் தடுப்பருகே கண்காணிப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வளவையும் கூட்டிப் பார்த்தபோது, ஓர் இரவுக்கு 1,200 சதுர அடிக்குமேல் எழுத மனம் வரவில்லை. ஆக, நான்கு இரவுகள், பதினாறு ஆள்-ஷிப்டுகள்.

ஒருவருக்கு நாள் கூலி 750 ரூபாய் என்றாலும், பி.எஃப்., 3.25 சதவீத இ.எஸ்.ஐ., 8.33 சதவீத போனஸ், விடுப்பு எல்லாம் சேர்ந்தால் அது 950 ரூபாயாகிறது. இரவுச் சாப்பாடும் வேன் செலவும் சேர்த்து 1,150 வைத்தேன். மொத்தம் 18,400 ரூபாய். பூச்சு மருந்து ஒரு லிட்டருக்கு ஒரு கோட்டிங் 450 சதுர அடி என்று வைத்தால், நான்கு கோட்டிங்குக்கு 43 லிட்டர், லிட்டர் 450 ரூபாய் வீதம் 19,350. ஸ்ட்ரிப்பர் 18 லிட்டருக்கு 5,400. பேடு, மாப், பிளேடு, கையுறை ஆகியவற்றுக்கு 4,000. மெஷின் தேய்மானத்துக்கும் பழுதுக்கும் இரவுக்கு 800 வீதம் 3,200. கூட்டினால் 50,350 ரூபாய்.

இதன்மேல் சூப்பர்வைசர், அலுவலகம், காப்பீடு, பணம் வரும்வரை முடங்கும் முதல் ஆகியவற்றுக்காக 15 சதவீதம் சேர்த்ததும் 57,902 ஆனது. வாங்கும் தொகையில் லாபம் 20 சதவீதம் என்று முடிவு செய்தால், இந்தத் தொகையோடு 20 சதவீதத்தைக் கூட்டினால் போதாது. அப்படிச் செய்தால் 69,482 ரூபாய் வரும், வாங்கும் தொகையில் லாபம் ஏறத்தாழ 16.7 சதவீதமாகத்தான் நிற்கும். 0.8 ஆல் வகுக்க வேண்டும்: 72,378 ரூபாய். சதுர அடிக்கு 15 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. அறைகளில் ஓரிரவில் 800 சதுர அடிதான் முடியும் என்பதால், ஆள், மெஷின் செலவை மட்டும் மாற்றிப் போட்டதில் அவற்றுக்கு 18 ரூபாய் வந்தது.

விலைப்புள்ளியில் தொகையைவிட அதிக இடத்தை நிபந்தனைகளுக்கே கொடுத்தேன். எத்தனை கோட்டிங், பொருட்களை யார் நகர்த்துவது, தண்ணீரும் மின்சாரமும் யாருடையது, உரித்த காரக் கழிவை மழைநீர் வடிகாலில் விடாமல் மருத்துவமனையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு அனுப்புவது, பூச்சு காயும்வரை ஏ.சி.யை நிறுத்தாமல் வைப்பது ஆகிய எல்லாம் எழுத்தில் இருந்தன. பணம் 45 நாட்களுக்குள் என்பதையும் சேர்த்தேன். உத்யம் எனும் மத்திய அரசுப் பதிவு பெற்ற சிறு நிறுவனங்களுக்கு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி அதற்குமேல் கெடு நீட்ட முடியாது. தாமதித்தால் வட்டியும் உண்டு. சட்டம் பேசி வட்டி வாங்குவது வேறு விஷயம். ஆனால் எழுத்தில் இருப்பதால் கணக்குப் பிரிவில் நம் பில் கட்டின் அடிக்குப் போவதில்லை.

பேச்சுவார்த்தையில், 9 ரூபாய்க்கு வேறொருவர் தருகிறார் என்று சொல்லி 12 ரூபாய் கேட்டார்கள். அந்த விலைப்புள்ளியில் எத்தனை கோட்டிங் என்று பார்க்கச் சொன்னேன். அதில் அந்த விவரமே இல்லை. விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைக்கலாம் என்றேன்: ஆள் நடமாட்டம் குறைந்த நிர்வாகப் பகுதி நடைபாதையில் முழுதாக உரிக்காமல், பச்சைப் பேடால் மேல்படலத்தை மட்டும் தேய்த்தெடுத்து இரண்டு கோட்டிங் இட்டால் அந்தப் பகுதிக்குப் பாதிச் செலவுகூட ஆகாது. அவர்களுடைய மொத்தத் தொகையும் இறங்கியது, என்னுடைய ரேட்டும் நின்றது. ஒர்க் ஆர்டர் அப்படியே வந்தது.

வேலை நடந்தபோது ஒவ்வோர் இரவும் எத்தனை சதுர அடி முடிந்தது, எத்தனை லிட்டர் போனது என்று சூப்பர்வைசர் எழுதிவைத்தார். மருந்துக் கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்தது. கடைசியில் மழை பிடித்துக்கொண்டதால், ஈரக்காற்றில் ஒரு கோட்டிங் காய ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது; விசிறியை நேராகத் திருப்பினால் பூச்சில் கோடு விழும் என்பதால் அவசரப்படுத்தவும் வழியில்லை. அக்டோபர், நவம்பர் மாத வேலைகளுக்கு இப்போது ஓர் இரவுக்கு 1,000 சதுர அடி என்றுதான் எழுதுகிறேன். அதற்கு 15 ரூபாயோடு 1.30 ரூபாய் கூடுகிறது.