அல்சூரில் துவைத்த நீர்

ஓசூருக்கு அருகே, கெலவரப்பள்ளி அணையின் வாய்க்கால் பாசனத்தில் என் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. சென்ற ஐப்பசியில் நான் அங்கே போயிருந்தபோது, அதற்கு முந்தைய இரண்டு நாட்களும் பெங்களூரில் கனமழை பெய்திருந்தது. வாய்க்காலை நிறைத்துக்கொண்டு வெள்ளை நுரை வந்துகொண்டிருந்தது. காற்று வீசும்போதெல்லாம் அது பிய்ந்து பறந்து கொத்தமல்லிப் பாத்தியின்மேல் விழுந்தது. சித்தப்பா ஒரு குச்சியால் நுரையை விலக்கிக் காட்டினார். அடியில் ஓடிய நீர் கறுத்திருந்தது, சாக்கடை வாடை அடித்தது. "இது உங்க ஊர்த் தண்ணிதாம்மா. நீங்க துவைச்சு ஊத்துறது எல்லாம் இங்கதான் வந்து சேருது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். நான் இருபது ஆண்டுகளாகப் பெங்களூரின் அல்சூரில் வசிக்கிறேன், ஏறக்குறைய தினமும் துணி துவைக்கிறேன். அந்த நீர் எங்கே போகிறது என்று அன்றுவரை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முதுகின்மேல் அமர்ந்திருக்கும் ஊர். அந்த முதுகின் மேற்குச் சரிவில், பசவனகுடிப் பக்கம் விழும் மழை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியோடு கலந்து, காவிரியாகிப் பூம்புகாரை நோக்கிப் போகிறது. கிழக்குச் சரிவில், அல்சூர்ப் பக்கம் விழும் மழை பெல்லந்தூர் ஏரிக்கும் வர்த்தூர் ஏரிக்கும் வழிந்து, நந்தி மலைப் பகுதியிலிருந்து வரும் தட்சிண பினாகினியில் சேர்கிறது. அந்த ஆற்றைத்தான் ஓசூர் தாண்டியதும் நாம் தென்பெண்ணை என்கிறோம். கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து அது கடலூரில் வங்கக் கடலை அடைகிறது. ஒரே மேகத்தின் இரண்டு துளிகள் ஒரு தெருவின் இருபுறம் விழுந்து, இரண்டு வேறு ஆறுகளாகித் தமிழ்நாட்டின் இரண்டு வேறு ஊர்களில் கடலைச் சேரக்கூடும் என்பதை அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஆனால் என் வீட்டுக் குழாயில் வருவது இந்தச் சரிவின் நீர் அல்ல. அது ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரி. தானாக ஓடியிருந்தால் தஞ்சைக்குப் போயிருக்க வேண்டிய நீர், என் துவைக்கும் இயந்திரத்துக்குள் புகுந்து வெளியே வரும்போது தென்பெண்ணையாகிவிடுகிறது. ஆறுகளை இணைப்பது பற்றிப் பல்லாண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். சாக்கடை வழியாக ஓர் இணைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நுரையின் கதை இன்னும் நீண்டது. சலவைத் தூளில் அழுக்கை இளக்கும் பொருட்களும், நம் கழிவிலும் சில சலவைத் தூள்களிலும் உள்ள பாஸ்பரஸும் ஏரியில் சேர்கின்றன. பாஸ்பரஸ் பயிருக்கு உரம் என்றால் ஆகாயத்தாமரைக்கும் உரம்தான். அது ஏரியை மூடுகிறது, பிறகு அழுகுகிறது. அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது, ஆக்சிஜன் தீர்ந்த அடிச்சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் 2018-லும் தீப்பற்றி எரிந்ததை நாடே பார்த்தது. மழை வந்து ஏரி நிரம்பியதும், தேங்கிக் கிடந்தது எல்லாம் உபரிநீர் வழியும் கலங்கலில் விழுந்து கடையப்பட்டு நுரையாகக் கிளம்புகிறது. அந்தப் பாஸ்பரஸின் பிறப்பிடத்தைத் தேடினால் வியப்பு இன்னும் கூடுகிறது. அதைப் பாஸ்பேட் பாறையிலிருந்து வெட்டியெடுக்கிறார்கள். உலகின் இருப்பில் பெரும்பங்கு மொராக்கோவில் உள்ளது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் எச்சம் அடியில் படிந்து இறுகிய பாறை அது. ஏதோ ஒரு பழைய கடலின் மீன் முள்ளும் பல்லும் அல்சூர் வழியாகக் கெலவரப்பள்ளி வரை வந்திருக்கக்கூடும்.

சித்தப்பா வாய்க்காலை நம்பியிருக்கிறார், வாய்க்கால் மழையை நம்பியிருக்கிறது. மழையோ தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் கடற்கரையையும் ஓரளவு நம்பியிருக்கிறது. இதை நமக்குக் காட்டிய ஆய்வு இந்தியாவில்தான் தொடங்கியது. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித அறிஞர். (1913-இல் ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, அவருக்கு உதவித்தொகை வழங்கும்படி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியவரும் இவர்தான், அந்த ஒரு கடிதத்துக்காகவே இவரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.) பருவமழை பொய்க்கப்போவதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று உலகெங்குமுள்ள வானிலைப் பதிவுகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தவர், பசிபிக் பெருங்கடலின்மேல் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலின்மேல் அது தாழ்வதையும், அங்கே தாழும்போது இங்கே உயர்வதையும் கண்டு, அதற்குத் தெற்கு அலைவு என்று பெயரிட்டார். பெருவின் கரையோரக் கடலைச் சூடாக்கும் எல் நினோவும் இந்த அலைவும் ஒன்றின் இரு முகங்கள் என்பதை 1969-இல் வானிலை அறிஞர் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார். எல் நினோ வரும் ஆண்டுகளில் நம் பருவமழை பலமுறை குறைந்துவிடுகிறது.

எங்கள் பாட்டி தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி, அவருடைய பாட்டி சொல்லக் கேட்டதைச் சொல்வார். சென்னை மாகாணத்தையும் மைசூர் நாட்டையும் வாட்டிய 1876-78 பஞ்சத்தின்போது பசிபிக்கில் மிகக் கடுமையான ஓர் எல் நினோ நிகழ்ந்தது. அத்தனை பேர் மாண்டதற்குக் கடலை மட்டும் குறை கூற முடியாது. ஊர் பட்டினி கிடந்தபோதும் தானியம் கப்பல் ஏறியது. 2023-லும் எல் நினோ வந்தது, கர்நாடகத்தில் மழை குறைந்தது. அடுத்த கோடையில் எங்கள் தெருவின் ஆழ்துளைக் கிணறு வற்றி, லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு நின்றோம்.

லால்பாக் பூங்காவுக்குப் போகும்போதெல்லாம் கெம்பே கவுடாவின் கோபுரம் நிற்கும் பாறையின்மேல் சிறிது நேரம் உட்காருவேன். அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். வெயிலில் உள்ளங்கையை வைத்தால் சுடும். ஆங்காங்கே சிறு குழிகளில் மழைநீர் தேங்கி, அடியில் மணல்போல் பொடி படிந்திருக்கும். அந்தப் பொடிதான் பாறை கரைவதன் அடையாளம். மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏந்தி மெல்லிய அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. கரைந்தது ஆற்றோடு கடலுக்குப் போய் நுண்ணுயிர்களின் ஓடாகி, அடித்தளத்தில் சுண்ணாம்புப் பாறையாகப் படிகிறது. பல கோடி ஆண்டுகளுக்குப் பின் எரிமலை வழியாக அந்தக் கார்பன் மீண்டும் காற்றுக்குத் திரும்புகிறது. பூமி சூடானால் அரிப்பு விரைவுபட்டுக் கார்பனை இழுத்துக்கொள்கிறது, குளிர்ந்தால் மந்தமாகிறது. இப்படித்தான் பூமி தன் வெப்பத்தைத் தானே தணித்துவந்திருக்கிறது, ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இந்தப் பாறை அதையும் ஒருநாள் கரைத்து எடுத்துவிடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதுவரை காத்திருக்க நம் பேரப்பிள்ளைகளால் முடியாது என்பதுதான் என் கவலை.

இன்று மாலை நான்கு மணிக்கு அல்சூரில் மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் நின்று, தெருவோரக் கால்வாய் நிரம்பிக் கிழக்கே ஓடுவதைச் சிறிது நேரம் பார்த்தேன். பிறகு துவைக்கப் போட்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டுச் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "இங்கே நல்ல மழை சித்தப்பா. நுரை வரும். கொத்தமல்லிக்குப் போற மடையை அடைச்சு வச்சுடுங்க" என்றேன்.